ஈப்பிடிச் செடி பூக்கிற வரைக்கும்

என் மாமியார் எங்கள் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டுமென்றால் ஒரு செடி பூத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. இது நான் போட்ட நிபந்தனை இல்லை. அவரே தன் வாயால் சொன்னது, என் கணவர் சாட்சி. செடி பூத்தால் அவர் செங்கல்பட்டுக்குப் போய்விடுவார், என் அறை எனக்குத் திரும்பக் கிடைக்கும். பூக்காவிட்டால் இருப்பார். இப்படி ஓர் ஒப்பந்தம் வேறு எந்த மருமகளுக்கும் வாய்த்திருக்குமா என்று தெரியவில்லை. அதுவும் மல்லிகை, ரோஜா என்று நாலு பேருக்குத் தெரிந்த செடியாக இருந்தாலாவது பரவாயில்லை. இது பூச்சி தின்கிற செடி.

எனக்குச் செடிகளோடு ராசி கிடையாது. துளசி என் கையில் ஒரு மாதம் தாங்காது. தண்ணீரே வேண்டாத கற்றாழையைக்கூட அழுகவைத்த பெருமை எனக்கு உண்டு. படூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள் நான். ஒருநாள் ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தபோது, கேட்பது போல முகத்தை வைத்துக்கொண்டு கைப்பேசியில் மேய்ந்துகொண்டிருந்தேன். வீனஸ் ஃப்ளைட்ராப் என்று ஒரு செடி விற்பனைக்கு வந்திருந்தது. இலை நுனியில் வாய், வாயைச் சுற்றிப் பல், உள்ளே சிவப்பு. ஈ வந்து உட்கார்ந்தால் மூடிக்கொள்ளுமாம். தனக்கு வேண்டியதைத் தானே பிடித்துத் தின்கிற செடியை நான்கூட வளர்த்துவிடலாம் என்று பட்டது. வாங்கிவிட்டேன்.

வந்த பிறகுதான் அதன் நவாப்தனம் தெரிந்தது. அதற்குச் சாதாரணத் தண்ணீர் ஆகாது. உப்பே இல்லாத தண்ணீர் வேண்டும். இதைப் போய் எங்கள் பக்கத்தில் வளர்க்க நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் வருவது போர் தண்ணீர். வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் விளிம்பு முழுக்க வெள்ளையாகப் படிந்திருக்கும். கொஞ்ச தூரத்தில் நெம்மேலியில் கடலையே குடிநீராக்கிப் பட்டணத்துக்கு அனுப்புகிறார்கள். நான் என் செடிக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீருக்கு அல்லாடிக்கொண்டிருந்தேன். கடைசியில் இணையத்தில் செடி வளர்ப்பவர்கள் குழு ஒன்றில் யாரோ வழி சொன்னார்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு இருக்காது, அதைப் பிடித்து ஊற்றலாம் என்று. பால்கனியில் ஏ.சி. குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் வைத்தேன். செடி பிழைத்தது. என் கையில் பிழைத்த முதல் உயிர்.

தை மாதம் மாமியார் வந்தார்.

அவருக்குச் செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் சொந்த வீடு. மாமனார் காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறார். என் கணவர் ஒரே பிள்ளை. ‘எங்களோடு வந்துவிடுங்கள்’ என்று நாங்கள் கூப்பிடாமல் இல்லை. வரமாட்டார். வந்தாலும் காரணம் இல்லாமல் வரமாட்டார். வடாம் போட்டேன் என்று வருவார், கோயில் பிரசாதம் என்று வருவார், ஆதார் அட்டையில் ஏதோ திருத்த வேண்டும் என்று வருவார். கூடவே ஒரு மஞ்சள் துணிப்பை வரும். அதில் இருக்கும் புடவைகளை எடுத்து ஒருநாளும் அலமாரியில் வைக்க மாட்டார். பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். குளித்துவிட்டு வந்து அதிலிருந்தே எடுத்து உடுத்துவார், துவைத்து மடித்து அதிலேயே திணிப்பார். வந்த காரியம் முடிந்த மறுநாள் பை கிளம்பிவிடும்.

“மருமவ வூட்ல நாலு நாளுக்கு மேல சோறு துன்னா மருவாத பூடும்” என்பார். என் முகத்துக்கு நேராகவே சொல்வார். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், வாயில் ‘ங்க’ ஒட்டிக்கொண்டே இருக்கும். கல்யாணமான புதிதில் அவர் பேசுவதெல்லாம் சண்டைக்கு இழுப்பது போலவே கேட்கும். அவர் பாசமாகப் பேசுவதும் அதே சத்தத்தில்தான் என்று புரிய எனக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது.

இந்த முறை காரணம் பெரிது. கண்ணில் புரை, ஆபரேஷன். முடிந்ததும் வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும், தூசு படக்கூடாது, கறுப்புக் கண்ணாடி கழற்றக்கூடாது. என் வேலை அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் லேப்டாப்போடு சாப்பாட்டு மேசைக்குக் குடிபெயர்ந்தேன். சாப்பாட்டு மேசை என்பது வீட்டின் நாற்சந்தி. ஒருநாள் வெளிநாட்டு ஆட்களோடு முக்கியமான மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் உருவம் கையில் தட்டோடு வந்து நிற்கிறது.

“இந்தாம்மே, நாஸ்தா துன்னியா, இல்ல சொம்மா பேசிகினே கீறியா?”

அன்றிலிருந்து எங்கள் டீமில் ஒருவர் பாக்கியில்லாமல் காலையில் என்னிடம் முதலில் கேட்பது நாஸ்தா ஆயிற்றா என்பதுதான். எனக்கு அழுகையே வந்தது. என் அறை, என் நாற்காலி, கதவைச் சாத்திக்கொண்டால் கிடைக்கிற நிம்மதி எல்லாம் கண்முன்னே வந்து போகும். சொட்டு மருந்து எப்போது தீரும் என்று பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன்.

செடியை அவர் முதலில் பார்த்தது கட்டுப் பிரித்த பிறகுதான். அறை ஜன்னலோரம் அதை வைத்திருந்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“இன்னாம்மே இது? எல்லாம் வாயத் தொறந்துகினு கீது?”

நான் சொன்னேன். நம்பவில்லை. எங்கள் தெருவுக்கு மீன் வண்டி வந்துபோன நேரம், வீட்டில் ஈக்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்று வந்து ஒரு வாயின் சிவப்பில் உட்கார்ந்தது, ரெண்டு அடி நடந்தது. வாய் சட்டென்று மூடியது. பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. மாமியார் “யம்மா!” என்று பின்வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துவந்து இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார்.

“டாக்டரு நல்லாத்தாம்மே வேல பாத்துகீறான். ஈயோட காலு ஆடறதுகூடத் தெரியுது.”

அவ்வளவுதான், அவருக்குச் செடிப் பைத்தியம் பிடித்துவிட்டது. டி.வி. சீரியல் போயிற்று. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவார். நான் கொசு மட்டையை எடுத்தால், “அத்த ஏம்மே அடிக்கிற? அதுக்கு வுடு” என்று கத்துவார். எங்கள் வீட்டு ஈக்களுக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

ஏ.சி. விஷயத்தில் நடந்ததுதான் அதிசயம். அதுவரை அவர் இருக்கும் அறையில் ஏ.சி. ஓடினதே இல்லை. கரண்டு பில் என்பார், மூட்டு வலி என்பார். செடிக்கு ஏ.சி. தண்ணீர்தான் வேண்டும் என்று தெரிந்ததும், மத்தியானம் சாப்பிட்டவுடன் ரிமோட்டை எடுத்து அமுக்கிவிடுவார். “எனுக்கு இன்னாத்துக்கு ஏசி? அதுக்குத் தண்ணி வோணும்ல?” என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்குவார். பக்கெட் நிரம்பி வழியும். செடி குடித்தது போக மிச்சத் தண்ணீரில் நான் வீடு துடைத்தேன்.

சொட்டு மருந்தும் ஒருவழியாகத் தீர்ந்தது. கண்ணாடி கழற்றியாயிற்று. அன்று சாயங்காலம் என் கணவர், “அம்மா, ஞாயித்துக்கெழம நானே கார்ல கொண்டுபோயி வுடறேன்” என்றார். நான் சமையலறையில் நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு மாமியார் குரல் கேட்டது.

“இல்ல நைனா. அந்த வாய்ச்செடி பூ வுடுமாமே. உன் பொண்டாட்டிதான் சொல்லிச்சு. அது பூக்கற வரிக்கும் இருந்து பாத்துட்டுப் போறேன். இத்தினி நாளு பாத்துகினு இருந்துட்டு பாதியில வுட்டுட்டுப் போனா நல்லாவா கீது?”

என் கணவர் சமையலறை வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கரண்டியைக் காட்டினேன்.

அன்றே தேட ஆரம்பித்துவிட்டேன், இந்தச் செடியை எப்படிப் பூக்க வைப்பது என்று. வெயில் நிறைய வேண்டும் என்றார்கள். பால்கனியிலேயே நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து, துணி காயப்போடும் கம்பியை நகர்த்திவிட்டு அங்கே வைத்தேன். யாரும் பார்க்காதபோது அதனிடம் கெஞ்சியும் பார்த்தேன். மாசி பிறந்து கொஞ்ச நாளில், இலைகளுக்கு நடுவிலிருந்து புதிதாக ஒன்று கிளம்பியது. நுனியில் வாய் இல்லை. குட்டியாக ஒரு பச்சை முடிச்சு. முதலில் பார்த்தது மாமியார்தான்.

“மொட்டு வுட்ருச்சும்மே!”

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருக்கும்தான் என்று நினைத்தேன். ஆனால் “பூத்துரும் போல கீதே” என்று அவர் சொன்ன விதம் கொஞ்சம் சுரத்தில்லாமல் இருந்தது. அதை நான் அப்போது கண்டுகொள்ளவில்லை. மனதுக்குள் என் மேசையை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மொட்டைப் படம் எடுத்து அந்தக் குழுவில் போட்டேன். வாழ்த்துவார்கள் என்று பார்த்தால், ஆளாளுக்கு ‘வெட்டு, வெட்டு’ என்கிறார்கள். பூப்பதற்கு இந்தச் செடி தன் சத்தையெல்லாம் கொட்டிவிடுமாம். திடமான செடி என்றால் தாங்கும், புதுச் செடி, அதுவும் நம் ஊர் வெயிலில், பூத்த கையோடு போய்ச் சேர்ந்துவிடலாம். தண்டு விரல் நீளம் வந்ததும் அடியோடு கத்தரித்துவிடுவதுதான் நல்லது. சிலர், ‘பூக்கட்டும், அதற்கும் ஆசை இருக்காதா’ என்றார்கள். ரெண்டு கட்சியும் அங்கேயே மோதிக்கொண்டன.

நான் எந்தக் கட்சி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூக்கட்டும். செடி போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். என் அறைதான் எனக்கு வேண்டும்.

மாமியாரிடம் வெட்டுகிற பேச்சைச் சும்மா எடுத்துப் பார்த்தேன். அடிக்க வந்துவிட்டார். “மொட்டக் கிள்ளுனா பாவம். அது இன்னும் கண்ணே தொறக்கல.”

பூ விஷயத்தில் அவருக்கு ஏகப்பட்ட சட்டங்கள். கண் சரியானதிலிருந்து காலையில் நடக்கப் போவார். போகும்போது இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கவர் செருகியிருக்கும், வரும்போது அது நிறைந்திருக்கும். செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி. எதுவும் நாங்கள் வளர்த்ததில்லை. மதில் சுவருக்கு வெளியே தலையை நீட்டின பூவெல்லாம் சாமியுடையது என்பது அவர் கட்சி. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், ‘யாரோ காலையில் பூக்களைத் திருடுகிறார்கள்’ என்று ஒருவர் புலம்பியிருந்தார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து என் கண்டனத்தைப் பதிவு செய்தேன். ஆனால் ஒன்று, அவர் மொட்டைத் தொடமாட்டார். மலர்ந்ததை மட்டும்தான் பறிப்பார். திருட்டிலும் ஒரு நியாயம்.

இப்போது அவருக்குப் புதுச் சிக்கல் ஒன்று வந்தது. வீட்டில் பூக்கிற முதல் பூ பிள்ளையாருக்குத்தான் போக வேண்டும். ஆனால் இது ஈ தின்கிற செடி. அதன் பூவைச் சாமிக்கு எப்படி வைப்பது?

“நீங்க மட்டும் வஞ்சிரம் வறுத்துச் சாப்பிட்டுட்டு விளக்கேத்தறதில்லையா அத்தை?” என்று கேட்டேன்.

“நானு வெள்ளிக்கெழம துன்றதில்ல. இதுக்கு வெள்ளிக்கெழம ஏதுனா தெரியுமா?”

அந்த வாரத்திலிருந்து செடிக்கு வெள்ளிக்கிழமை விரதம். வியாழன் ராத்திரியே சோறு வடிக்கிற தட்டைக் கவிழ்த்து மூடிவிடுவார், ஈ எறும்பு அண்டாமல். சனிக்கிழமை காலையில்தான் தட்டு திறக்கும். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எங்கள் டீமில் சொன்னேன், அவர்களும் இனிமேல் வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் செடிக்கு மரியாதையாக ஒரு நிமிடம் அசைவம் பற்றிப் பேசுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள்.

விரதம் மட்டும் போதவில்லை அவருக்கு. திருக்கழுக்குன்றம் மலைக்குப் போய் வந்தால்தான் மனசு ஆறும் என்றார். “எனுக்கு இன்னா வேண்டுதல்? எல்லாம் இந்தச் செடிக்குத்தான்” என்றார். ஒரு சனிக்கிழமை மூவரும் காரில் கிளம்பினோம். மகாபலிபுரம் வழியாகப் போகும்போது, புதுக்கண்ணில் எல்லாம் பார்க்க வேண்டும் என்று இறங்கினார். பாறையில் பாதி மட்டும் செதுக்கி மீதியைத் தொடாமல் விட்ட ஓர் இடத்தில் வெகுநேரம் நின்றார். “அப்பவே வேலய பாதியில வுட்டுட்டுப் பூட்டானுங்களா?” என்று கேட்டுவிட்டு, ஏனோ திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

மலை ஏறுகிற வழியெல்லாம் கழுகுக் கதைதான். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்தாராம். உச்சிவேளையில் குருக்கள் பாறையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு உட்காருவார், வானத்திலிருந்து கழுகு இறங்கும், கையிலிருந்து சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும். இப்போது பல வருஷமாகக் கழுகுகள் வருவதில்லை. தினம் பொங்கல் என்றால் யாருக்குத்தான் சலிக்காது என்றேன் நான். “வாயக் கழுவு” என்றார்.

கீழே இறங்கியதும் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வாங்கினார். பாதி நாங்கள் சாப்பிட்டோம். மீதியை மூடிப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து நான் குளித்துவிட்டு வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கையில் விளக்குமாற்று ஈர்க்கோடு பால்கனியில் நின்றுகொண்டிருந்தார் மாமியார். செடியின் வாய்கள் எல்லாம் மூடியிருந்தன. பல் இடுக்குகளில் நெய் மினுங்கியது.

“பொணம் துன்ற கழுகே சாமி பொங்கலத் துன்னுட்டுத் திருந்துச்சாம். இது துன்னாதா? எல்லா வாய்க்கும் வச்சுட்டேன். ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வெக்காம வுட்டா பாவம்ல?”

பந்தி வைத்திருக்கிறார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஈர்க்கால் எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. மறுநாள் எறும்பு வந்தது. அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு வாயாகக் கறுத்துக் கூழாயிற்று. குழுவில் போய், ‘என் செடி பொங்கல் சாப்பிட்டுவிட்டது, என்ன செய்வது’ என்று கேட்டேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் பொங்கல் என்பது என்ன வகைப் பூச்சி என்று கேட்டிருந்தார்.

கறுத்த வாய்களை நான் கத்தரித்தபோது மாமியார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கேலி செய்ய வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஏ.சி. போடவில்லை. அறையில் போய்ப் பார்த்தால் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

“நானே அத்த கொன்ட்டனாம்மே?”

“சாகல அத்தை. வேர் நல்லாத்தான் இருக்கு. புதுசா வரும். வாங்க, சாப்பிடுங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. ஆணியில் தொங்குகிற பையைப் பார்த்தபடி, என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல் சொன்னார். “அங்க வூட்ல டிவி மட்டுந்தாம்மே பேசும். அதுவும் என்னாண்ட பேசாது. இங்க வந்து இது எப்ப வாயத் தொறக்கும், எப்ப மூடும்னு பாத்துகினு இருந்தேன். நல்லா இருந்துச்சு.”

ஏரிக்கரை வீட்டில் தனியாக உட்கார்ந்து டி.வி. பார்க்கிற அவரை அதற்கு முன் நான் நினைத்தே பார்த்ததில்லை. அங்கே அவர் ராணி மாதிரி இருக்கிறார், நம் வீடுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று வசதியாக நம்பிக்கொண்டிருந்தேன். தட்டை அறைக்கே கொண்டுவந்து கொடுத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ரிமோட்டை எடுத்து ஏ.சி.யையும் நானே போட்டேன், செடிக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வினோதம் நடந்தது. மொட்டு வளர வளர எனக்குப் பயம் வந்தது. வாயெல்லாம் போய் மொட்டையாக நின்ற அந்தச் செடி, பிடிவாதமாகத் தண்டை மட்டும் உயர்த்திக்கொண்டே போயிற்று. தலையில் கொத்தாக நாலைந்து மொட்டு. பூத்தால் செடி தாங்காது என்பது இப்போது நிஜமாகவே தெரிந்தது. பூத்தால் பையும் கிளம்பிவிடும். ‘போகாதீர்கள் அத்தை’ என்று நேராகச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் அந்த மனுஷி அன்றைக்கே கிளம்பிவிடுவார், மருமகளுக்கு நம்மைப் பார்த்தால் பாவமாகத் தெரிகிறதா என்று. அவருக்குக் காரணம் வேண்டும். தன்னைத் தவிர வேறு எதற்காகவாவது இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் என் கணவரிடம் யோசனை கேட்டேன். “வெட்டணும்னா வெட்டு, பூக்கணும்னா பூக்கட்டும். மாமியாரும் மருமகளும் பேசி முடிவு பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு, அதுவரை பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர் மறுநாளிலிருந்து ஆபீஸுக்கே போய் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டார்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு சனிக்கிழமை, முதல் மொட்டின் நுனியில் வெள்ளை எட்டிப்பார்த்தது. மாமியாரும் பார்த்தார். “நாளிக்கு மலந்துரும்” என்றார். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் உள்ளே போய்ப் புடவைகளை மடிக்கிற சத்தம் கேட்டது.

நான் முடிவு செய்துவிட்டேன். காலையில் அவர் நடக்கப் போயிருக்கும்போது தண்டைக் கத்தரித்துவிட வேண்டியது. குழுவில் சொன்னார்கள், செடி பிழைக்க வேறு வழியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். திட்டுவார், பாவம் என்பார், ரெண்டு நாள் பேசமாட்டார். பேசாமல் இருந்தாலும் இங்கேதானே இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கத்தரிக்கோலைச் சானிடைசரால் துடைத்து எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். வீட்டில் சத்தமில்லை. செடியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தண்டு இல்லை. அடியோடு போயிருந்தது. தரையில், தொட்டியைச் சுற்றி, எங்கும் மொட்டு விழுந்து கிடக்கவில்லை. இலைகளுக்கு நடுவே நகத்தால் கிள்ளின தடம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.

“இன்னாம்மே கையில?”

திரும்பினேன். கவர் நிறையப் பூவோடு மாமியார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தேன், காலம் கடந்துவிட்டது.

“பால் பாக்கெட் வெட்டத்தான் அத்தை.”

பாலை அவர் போவதற்கு முன்பே காய்ச்சி அடுப்பில் மூடி வைத்திருந்தார். அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அவர் தொட்டிக்குக் கிட்டே வந்து குனிந்து, அப்போதுதான் பார்ப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

“அய்யய்யோ, மொட்டக் காணோமே. பல்லி துன்ட்டுப் பூட்ச்சாம்மே?”

“பல்லியாத்தான் இருக்கும் அத்தை.”

“இந்த வூட்ல பல்லி பேஜாரு ஜாஸ்தி” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பூஜை அலமாரிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பிள்ளையார் காலடியில் முந்தின நாள் பறித்த அடுத்த தெருச் செம்பருத்தி ஒன்று இருந்தது. அதன் இதழுக்கு அடியில் பச்சைத் தண்டோடு ஒரு சின்னக் கொத்து எட்டிப்பார்த்தது. ஒரு மொட்டில் மட்டும் வெள்ளை நுனி. பக்கத்தில் கற்பூரம் ஏற்றின கரி. மொட்டைக் கிள்ளினால் பாவம் என்றவர், ஈ தின்கிற செடியின் பூ சாமிக்கு ஆகாது என்றவர், ரெண்டையும் ஒரே காலையில் செய்துவிட்டு மன்னிப்பும் கேட்டு முடித்திருந்தார்.

நான் எதையும் பார்க்காதவள் மாதிரி நின்றேன். அவர் இன்னும் நாலு செம்பருத்தியை எடுத்து அந்த இடத்தில் அடுக்கினார், ஒன்றும் வெளியே தெரியாதபடி.

“அடுத்து எப்பம்மே பூக்கும்?”

“இனிமே அடுத்த வருஷம்தான் அத்தை. இதே நேரம்.”

பெரிதாக ஒரு மூச்சு விட்டார். “அடக் கடவுளே. அத்தினி நாளா? இன்னா பண்றது, நைனாவாண்ட வாக்கு குடுத்துட்டேனே.”

“வாக்குன்னா வாக்குதான் அத்தை” என்றேன்.

அவர் அறைக்குள் போனார். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது, பலகையைத் துணியால் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, காலியான மஞ்சள் பையை நாலாக மடித்து என் முன்னால் போட்டார்.

“சொம்மா தொங்கிகினு கீது. காய் வாங்கறதுக்கு வச்சுக்க.”